அப்பா கொண்டுவந்த ரவா லட்டு

என் பிரியமான டிரைவர் அப்பாவுக்கு,

உன் மூத்த மகள் எஸ்தரின் ஸ்தோத்திரம். நீ இருக்கிற இடத்தில் எல்லாரும் ஓயாமல் பாடிக்கொண்டே இருப்பார்கள் என்று சபையில் சொல்கிறார்கள். எனக்கென்னவோ நீ நடுவில் எழுந்து போய், அங்கே ஓட்டுவதற்கு ஏதாவது வண்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாய் என்றுதான் தோன்றுகிறது.

கடிதம் என்றதும் மரியாதையாக "நீங்கள்" என்று ஆரம்பித்தேன். நாலு வரி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் தாசில்தாருக்கு மனு கொடுத்தது போல் இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். ஆண்டவருக்கு "நீர்", உனக்கு "நீ". நம் வீட்டு வழக்கம் அதுதானே?

சபைப் பத்திரிகையில் போடுவதற்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி நம் ஐயர் கேட்டார். போதகரை ஐயர் என்று கூப்பிடுகிற பழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. அதனால் போன வாரம் ஒரு கூத்தே நடந்தது, பிறகு சொல்கிறேன். சபை முழுக்க இதைப் படிக்கும், அப்பா. உன் மானம் கொஞ்சம் போகத்தான் போகிறது. பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. நான் பட்டுப்புடவை முந்தானைகளுக்குக் குச்சு கட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். காந்தி ரோட்டுக் கடைகளிலிருந்து புடவை வந்தபடியே இருக்கிறது. இப்போதெல்லாம் பெண்கள் போனில் படத்தைக் காட்டி, மணி வைத்து முத்து வைத்து இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். உன் மாப்பிள்ளை சௌக்கியம். உன் சைக்கிளுக்கு அவர்தான் எண்ணெய் போடுகிறார், ஓட்டுவதில்லை. உன் சின்ன மகள் ரூத்து ஏனாத்தூர் கல்லூரி ஆபீஸுக்கு அதே பழைய ஸ்கூட்டரில்தான் போகிறாள். நேற்றுகூட பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்றாள்.

ரூத்து சொன்னாளா, எஸ்தரிடமா என்று நீ நிமிர்ந்து உட்காருவது எனக்குத் தெரிகிறது. பொறு, வருகிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன். என் மகள் ஜெனிக்கு நிச்சயம் செய்ய வாலாஜாபாத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். முன்கூடம் கொள்ளாத கூட்டம். அப்போதிருந்த ஐயர் ஆரம்ப ஜெபம் முடித்துவிட்டு, "பொண்ணோட சித்தி ஒரு ஸ்தோத்திர ஜெபம் பண்ணட்டுமே" என்றார். நம் ரூத்து ஜெபத்துக்குப் பேர் போனவள். வாயைத் திறந்தால் யாரையும் விட்டுவைக்க மாட்டாள், சமையல்காரர், பந்தல்காரர், தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் ஆசீர்வாதம் போகும். அன்றைக்கும் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். போகப் போக அவள் குரல் தழுதழுத்தது.

"ஆண்டவரே, போன வருஷம் இந்தப் பிள்ளைக்கு வந்த சம்பந்தம் கடைசி நேரத்தில் முறிந்துபோனபோது நாங்கள் வடித்த கண்ணீரைக் கண்டீரே, அதைத் துடைத்தீரே, உமக்குக் கோடி ஸ்தோத்திரம்" என்றாள்.

முறிந்த அந்தச் சம்பந்தத்தைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடம் நாம் இன்னும் வாய் திறந்திருக்கவில்லை. சமயம் பார்த்துப் பக்குவமாகச் சொல்கிறேன் என்று நீதான் பொறுப்பெடுத்திருந்தாய். இவள் கண்ணை மூடிக்கொண்டு நேரே ஆண்டவரிடம் சொல்லிவிட்டாள். ஆண்டவருக்கு அது முன்பே தெரியும். சம்பந்தியம்மாவுக்குத்தான் தெரியாது. நான் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அந்த அம்மா இரண்டு கண்ணையும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து ஜெபிக்க வேண்டியது நான். "கட்டுப்பாடில்லாத நாவுகளுக்குக் கடிவாளம் போடும் ஆண்டவரே" என்று ஜெபித்தேன். கூடியிருந்த எல்லாரும் ஆமென் என்றார்கள், ரூத்து மட்டும் சொல்லவில்லை.

அன்றைக்கு நிச்சயம் நடக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள். வேலையில் இருந்தபோது நீ பஸ் ஓட்டிக்கொண்டு போன அதே ரூட்டில் பயணியாக உட்கார்ந்து நீ எத்தனை தடவை வாலாஜாபாத் போய் வந்தாய். பேசிப் பேசிக் கரைத்தாய். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தியம்மா ஜெனியைத் தன் மகள் போலத்தான் வைத்திருக்கிறார். யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அக்காவும் தங்கையும்தான் பேசிக்கொள்ளவில்லை.

"நான் இன்னா, புறம் பேசுனேனா? நன்றி சொன்னேன். ஜெபம் பண்ணதுக்கு யாராச்சும் மன்னிப்பு கேப்பாங்களாப்பா?" என்று, உன்னைப் பார்க்க நம் வீட்டுக்கு வந்தபோது அவள் உன்னிடம் கேட்டாள்.

"ஜெபத்துக்குள்ள வீட்டு வம்பை வச்சிக்கினு வந்தா கேட்டுத்தான் ஆவணும்னு சொல்லு" என்று நான் பக்கத்து அறையிலிருந்து சொன்னேன்.

இப்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. தப்பே செய்யவில்லை என்கிறவளை எப்படி மன்னிப்பது? அவள் வந்து கேட்டால் கொடுத்துவிடலாம். கேட்காதவளிடம் நானாகப் போய் இந்தா பிடி என்று நீட்ட முடியுமா? பிரசங்கத்தில் எத்தனையோ கேட்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை, அல்லது சொன்னபோது நான் குச்சுக் கணக்கை யோசித்துக்கொண்டிருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு எங்கள் சண்டை வாட்ஸப்பில் நடந்தது. நான் குடும்ப குரூப்பில் காலையில் நாக்கை அடக்குவது பற்றி ஒரு வசனம் போடுவேன். மத்தியானத்துக்குள் அவளிடமிருந்து கோபக்காரரைப் பற்றி ஒரு வசனம் வரும். சாயங்காலம் நான் வேறொன்று தேடி எடுத்துப் போடுவேன். "ரெண்டு பேரும் இப்பல்லாம் நல்லா வேதம் படிக்கிறீங்க" என்று நீ பாராட்டினாய். அது பாராட்டுதானா அப்பா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டு ஜெபத்தில், பரமண்டல ஜெபம் சொல்லும்போது, மன்னிப்பு வருகிற இடத்தில் எனக்குச் சரியாக இருமல் வந்துவிடும். பிறருக்கு நான் மன்னிக்கிறேன் என்று ஆண்டவர் முன்னால் பொய் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. நீ ஒருநாள் கடையிலிருந்து இருமல் மருந்து வாங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் தலைமாட்டில் வைத்தாய். நிஜமாகவே ஏமாந்துதான் வாங்கினாயா?

அந்தச் சமயத்தில்தான் உனக்கு முட்டி வலி வந்தது. நம் கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நீ திடீரென்று பெண்கள் பக்கம் வந்து, எனக்கும் ரூத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாய். மாதர் சங்கத்து அம்மாக்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். "முட்டி பேஜார் பண்ணுதும்மா. ஆம்பளைங்க பக்கம் பெஞ்சு உயரம்" என்றாய். இரண்டு பக்கமும் ஒரே ஆசாரி செய்த பெஞ்சுகள். முட்டி வலிக்காரர் ஓரத்தில் உட்கார்ந்தால் காலை நீட்டலாமே என்று ஐயரம்மா சொன்னதற்கு, நடுவில்தான் ஃபேன் காற்று வருகிறது என்றாய்.

திருவிருந்து ஞாயிறுகளில் சமாதானம் கொடுக்கிற நேரம் வரும். பீடத்திலிருந்து ஐயர் கொடுப்பதை ஒவ்வொருவரும் வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். ஒருவர் கைகூப்பி நீட்ட, மற்றவர் அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் பொத்தி வாங்குவார். பிறகு அவர் திரும்பித் தன் பக்கத்தில் இருப்பவருக்கு நீட்டுவார். நான் உனக்குக் கொடுப்பேன். நீ ரூத்துக்குக் கொடுப்பாய். கையை உடனே விடமாட்டாய், அவள் இழுத்துக்கொள்கிற வரைக்கும் பிடித்திருப்பாய். வருஷக்கணக்காக எனக்கும் அவளுக்கும் இடையே சமாதானம் இப்படித்தான் போய் வந்தது, உன் வண்டியில் ஏறி.

போதாதென்று சனிக்கிழமைகளில் ரவா லட்டு. உன் டூட்டிக் காலத்துச் சாப்பாட்டு டப்பா, மூடி நசுங்கிய அந்த எவர்சில்வர் டப்பா, அதில் கொண்டுவருவாய். "ரூத்து செஞ்சா. அக்காவுக்குக் குடுத்துட்டு வாப்பான்னா" என்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நீ அந்தப் பக்கம் போனதும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வேன். நன்றாக இருக்கும். சோறு குழைய விடுகிறவள் இவ்வளவு பதமாக ரவை வறுக்க எங்கே கற்றாள் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறேன். லட்டு அனுப்பத் தெரிகிறது, ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லையே என்று ஆத்திரமும் வரும். ஆனால் அந்த லட்டால்தான் என் கோபம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. இன்னும் சில சனிக்கிழமைகள் போனால் நானே பேசியிருப்பேனோ என்னவோ. அதற்குள் நீ போய்விட்டாய்.

உன் ஜெபத்திலும் அந்த நாட்களில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. எல்லாருக்காகவும் ஜெபித்துவிட்டு, முடிக்கும் முன் குரலைத் தாழ்த்தி, "இன்றைக்கு நான் சொன்ன பொய்யை மன்னியும் ஆண்டவரே" என்பாய். இவர் என்ன பொய் சொல்லிவிடப் போகிறார், வயதான பிறகு தாழ்மை கூடிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

நீ போனபின் வந்த முதல் திருவிருந்தில், உன் இடத்தில் நான் என் கைப்பையையும் பாட்டுப் புத்தகத்தையும் வைத்தேன். அதற்கு அந்தப் பக்கம் ரூத்து. வரிசையில் சமாதானம் என் கை வரைக்கும் வந்தது. நான் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் பீடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பின் வரிசையிலிருந்த ஒரு அம்மா பாவப்பட்டு, அவள் தோளைத் தட்டித் தன்னுடையதைக் கொடுத்தார். நீ இல்லாததை அடக்கத்தன்று கூட நான் அவ்வளவு உணரவில்லை. என் கையில் வாங்கின சமாதானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேனே, அப்போதுதான் உணர்ந்தேன். ஆனாலும் அடுத்த மாதமும் பையை அங்கேயேதான் வைத்தேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் சனிக்கிழமை சாயங்காலம் உன் முதல் வருஷ நினைவுக்கு நம் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தோம். ஜெனியும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். பிள்ளையார்பாளையத்திலிருந்து உன் சிநேகிதர், நெசவுக்கார ஏகாம்பரம் மாமா வந்தார். ரூத்தும் வந்தாள். நீ அவளுக்கும் அப்பாதானே, நான் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

ஐயரைக் கூட்டிவர உன் மாப்பிள்ளை ஓர் ஆட்டோக்காரருக்குப் போன் செய்தார். "ஐயர் கோயில் வாசல்ல நிப்பாரு, கூட்டிக்கினு வந்துடுப்பா" என்று அவசரத்தில் சொல்லிவிட்டார். ஆட்டோக்காரர் புது ஆள். காஞ்சிபுரத்தில் ஐயர் என்று சொன்னால் அவர் எங்கே போவார்? நேரே பெரிய காஞ்சிபுரத்துக் கோயில் தெருவுக்குப் போய், பஞ்சகச்சத்தோடு வண்டிக்குக் காத்து நின்ற ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஏதோ வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டியவர். இறங்கி வாசலில் நின்று, உன் படத்தையும் மெழுகுவர்த்தியையும் பார்த்தார்.

"இவர் பஸ்ல நான் எத்தனையோ தடவை போயிருக்கேனேம்மா. எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்டியரிங்கைப் பிடிச்சிண்டு ஒரு நிமிஷம் கண்ணை மூடிப்பார். மொதல்ல தூங்கறாரோன்னு பயந்துட்டேன்" என்றார். உன் படத்துக்குக் கைகூப்பிவிட்டு, அதே ஆட்டோவில் கிளம்பினார். நம் ஐயரோ நம் சபைக் கோயில் வாசலில் நின்றுகொண்டு வண்டி எங்கே என்று போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

காத்திருந்த நேரத்தில் ரூத்து சமையலறைக்கு வந்தாள். கையில் ஒரு அட்டைப் பெட்டி. மேடை மேல் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அப்பாவுக்குப் புடிக்கும்னு ரவா லட்டு வாங்கிக்கினு வந்தேன். கடைல வாங்குனதுதான். நீ செஞ்சி அனுப்புவியே, அது மாதிரி இருக்காது."

"நான் செஞ்சி அனுப்பினேனா?"

"சனிக்கெழமை சனிக்கெழமை அப்பா கிட்ட குடுத்தனுப்புவியே. அந்த நசுங்குன டப்பால."

"அது நீ இல்ல எனக்குக் குடுத்தனுப்புன?" என்றேன்.

பெட்டியைத் திறந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக் கடித்தோம். அதே லட்டு. பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடை லட்டு.

கூடத்திலிருந்து ஏகாம்பரம் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பெட்டியைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "கடைல வாங்கிக்கினு எங்க வீட்டுக்குத்தாம்மா வருவாரு. தறி பக்கத்துல உக்காந்து, பொட்டிலேர்ந்து டப்பாவுக்கு மாத்துவாரு. எனக்கு ஒண்ணு, அவருக்கு ரெண்டு. பாதி டப்பா பெரியவளுக்கு, பாதி சின்னவளுக்குன்னுவாரு. சொல்லாதேன்னாரு. இப்ப சொல்லலாமில்ல?"

"முட்டி வலியோட அவ்ளோ தூரம் எப்படி மாமா வருவாரு?" என்று ரூத்து கேட்டாள்.

"முட்டி வலியா? அவருக்கா? சைக்கிள்ல மேட்டுல ஏறி வந்து, எறங்காமலே மணி அடிப்பாரே."

அப்பா, அப்போது எனக்கு முதலில் வந்தது சிரிப்பில்லை, கோபம்தான். நீ மட்டும் அங்கே இருந்திருந்தால் நன்றாகக் கேட்டிருப்பேன். அவள் இறங்கி வருகிறாள் என்று நம்பித்தானே நான் மெல்ல இளகிக்கொண்டிருந்தேன்? அவளும் என்னைப் பற்றி அதையேதான் நம்பியிருக்கிறாள். உண்மையில் இரண்டு பேரும் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. நடந்ததெல்லாம் நீதான். உன் ஜெபத்தின் கடைசி வரி அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சனிக்கிழமைதோறும் இரண்டு வீட்டில் இரண்டு பொய், ஞாயிற்றுக்கிழமை முட்டி வலி. உறுத்திக்கொண்டேதான் சொல்லியிருக்கிறாய். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் திரும்பவும் டப்பாவை எடுத்திருக்கிறாய்.

அந்த நேரம் ஜெனி தண்ணீர் குடிக்க உள்ளே வந்தாள். நெய் வாசனை பட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினாள். ரூத்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன்.

"யாருக்கும் தெரியாது. நாளைக்குக் கோயில் முடிஞ்சதும் மாமியாருகிட்ட அவங்க ரெண்டு பேருமே சொல்லப் போறாங்க. வாயைத் தொறக்காதே" என்றேன். நிச்சயத்துக்குப் பிறகு நான் அவளிடம் நேரடியாகச் சொன்ன முதல் வீட்டு விஷயம் அது.

கூடத்துக்கு வந்தோம். ஐயர் வரக் காணோம். சம்பந்தியம்மா தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். "ரூத்தம்மா ஆரம்பிக்கட்டுமே. அன்னிக்கு நிச்சயத்துல எவ்ளோ நல்லா ஜெபம் பண்ணாங்க" என்றார். அந்த அம்மா கள்ளங்கபடமில்லாமல்தான் சொன்னார்.

ரூத்து புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நான் பண்றதில்லைங்க. அன்னியிலேர்ந்து வுட்டுட்டேன். வாயைத் தொறக்கவே பயமா இருக்குது. இன்னாத்தைச் சொல்லி யார் குடியைக் கெடுப்பேனோன்னு" என்றாள்.

எனக்கு அது தெரியாது, அப்பா. ஒரே கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், தெரியாது. ஜெபக்கூட்டங்களில் அவள் குரல் கேட்காததை நான் கவனிக்கவே இல்லை. அவள் செய்த தப்பு தப்பில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறாள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்தேன். அவளோ தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டு, ஆண்டவரிடம் சத்தமாக ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறாள். ஒருத்தி ஆசையாகச் செய்ததையே விட்டுவிட்டாள் என்றால், அதற்கு மேல் நான் என்ன மன்னிப்பை எதிர்பார்த்தேன்? எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீயே பண்ணு ரூத்து. அப்பாவுக்கு நீ பண்ணாத்தான் புடிக்கும்" என்றேன்.

அவள் எழுந்து நின்று கண்ணை மூடினாள். முதலில் குரல் எழும்பவே இல்லை. உனக்காக நன்றி சொன்னாள், உனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த அம்மாவுக்காகச் சொன்னாள். நீ ஓட்டிய வண்டிகளில் ஒருத்தருக்கும் ஒரு கீறல் விழாததற்குச் சொன்னாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குரல் திரும்பி வந்தது. எனக்காக ஜெபித்தாள். மங்கி வருகிற என் கண்ணுக்காகக்கூட ஜெபித்தாள், அது அவளுக்கு எப்படித் தெரியுமோ. அப்புறம் வேகம் பிடித்துவிட்டது.

"எங்கள் தகப்பனை எடுத்துக்கொண்டீர் ஆண்டவரே, ஆனாலும் இந்த வீட்டைத் தள்ளிவிடவில்லையே. எங்கள் ஜெனியின் வயிற்றில் உருவாகிற சின்ன ஜீவனுக்காக உமக்குக் கோடி ஸ்தோத்…"

அங்கே நின்றுவிட்டது.

கண்ணைத் திறந்தேன். ரூத்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். சம்பந்தியம்மா கண்ணைத் திறந்துவிட்டார். ஜெனி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குள் பழைய கோபம் புறப்பட்டு வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாயைப் பொத்திக்கொண்டு நின்ற அவளைப் பார்த்தேன். ஆறு வயதில் என் பென்சில் டப்பாவை உடைத்துவிட்டு இப்படியேதான் நின்றாள். எனக்குச் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. ஜெபத்தின் நடுவில், உன் படத்துக்கு எதிரில், அடக்க முடியவில்லை. "ஆமென்" என்று கத்திவிட்டேன். அந்தக் கடிவாள ஜெபத்தை நான் ஆண்டவரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டது அப்போதுதான்.

சம்பந்தியம்மா எழுந்து போய் ஜெனியின் முகத்தைக் கையில் ஏந்திக்கொண்டார். அழுதார், சிரித்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ஏம்மா, உங்க வீட்டுல எல்லாச் சேதியும் ஜெபத்துலதான் வருமா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து நம் ஐயர் வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். நினைவுக் கூட்டத்தில் எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பதைப் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

ரூத்து என் பக்கத்தில் வந்தாள். "எக்கா, மன்னிச்சிடு" என்றாள்.

"எதுக்கு? அன்னிக்குப் பண்ணதுக்கா, இன்னிக்குப் பண்ணதுக்கா?"

"ரெண்டுக்கும்."

"நானும் பதிலுக்கு ஜெபம் பண்ணேனே, அதுக்கு நீ மன்னிச்சிடு."

"அது நல்ல ஜெபம்தான். பலிக்கத்தான் இல்ல" என்றாள்.

மறுநாள் திருவிருந்து ஞாயிறு. கைப்பையைக் காலடியில் வைத்தேன். சமாதானம் வரிசையில் வந்தது. வழக்கம் போல நடுவில் உன் இடம் காலி. ரூத்தும் நானும் ஒரே நேரத்தில் உன் இடத்துக்கு நகர்ந்து, இடித்துக்கொண்டோம். நான் கைகூப்பி நீட்டினேன். அவள் பொத்தி வாங்கினாள். உன்னைப் போலவே கையை விடாமல் பிடித்திருந்தாள். பின் வரிசை அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அன்றைக்குப் பரமண்டல ஜெபத்தில் எனக்கு இருமல் வரவில்லை. மிச்ச மருந்து அலமாரியிலேயே இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடுகிறேன்.

ஒன்றுதான் தீரவில்லை, அப்பா. பொய் சொன்னால் தப்பு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நீ. உன் பொய்யை ஆண்டவர் என்ன செய்திருப்பார்? மன்னித்திருப்பாரா, இல்லை உன்னைப் போலவே கேட்டும் கேட்காதவர் போல இருந்திருப்பாரா? அங்கே அவரைப் பார்த்தால் நீயே கேட்டுக்கொள். எங்கள் பங்குக்கு நாங்கள் இரண்டு பேரும் உன்னை மன்னித்துவிட்டோம். நீ கேட்காமலேதான் கொடுக்கிறோம்.

ஒரு வாக்கும் கொடுக்கிறேன். அந்த நசுங்கிய டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. நேற்று சனிக்கிழமை. வாழ்நாளில் முதல் தடவையாக ரவா லட்டு செய்தேன். ரவை கொஞ்சம் கருகிவிட்டது, உருண்டை உடைந்துகொண்டே இருந்தது. இருந்தாலும் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு போய், "அக்கா செஞ்சா, உனக்குக் குடுக்கச் சொன்னா" என்று ரூத்து கையில் கொடுத்தேன். வரும் சனிக்கிழமை டப்பா அவளிடமிருந்து வரும். நீ சொன்ன பொய்களை ஒவ்வொரு சனிக்கிழமையாக உண்மையாக்கிவிடுகிறோம், அப்பா. இனி அந்தக் கடைசி வரியை நீ ஜெபிக்க வேண்டியதில்லை.

என்றென்றும் உன் வலப்பக்கத்தில் உட்கார்ந்த மகள்,
எஸ்தர்

(பக்கத்தில் நின்று எழுத்துப் பிழை சொல்லிக்கொண்டிருப்பது உன் இடப்பக்கத்து மகள், ரூத்து. என் பேரப்பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப் போகிறோம் என்பது மட்டும் அவளுக்குச் சொல்லப்படவில்லை.)